வேலியும் விழியும்

சென்ற வாரம் கொக்குவிலில் உறவினர் வீடொன்றிற்குச் சென்றிருந்தேன். பிற்பகல் நேரம். அவ்வீட்டு ஆச்சி விறாந்தையிலே பாய் விரித்து, ஒடியலுக்காகப் பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி அவருடைய மருமகள் தன் மூன்று வயது மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். உயர்தர வகுப்பில் பயிலும் பேரன் கைத்தொலைபேசியில் எதையோ பார்த்தவன், “ஆச்சி, இதைப் பாருங்கோ” என்று அவர் முன் நீட்டினான்.

அகழி நீரிலே ஒரு பெரிய கொரில்லா. அதன் காலடியில் ஒரு சிறு பிள்ளை. சில ஆண்டுகளுக்கு முன் உலகம் முழுவதும் பார்த்துப் பதறிய படம் அது. ஆச்சியின் கை கிழங்கிலேயே நின்றுவிட்டது.

“தாய் எங்கை போனவள்?” என்றார்.

“தாயிலை பிழையில்லை ஆச்சி. வேலி சரியில்லை. மிருகக்காட்சிசாலைக்காரரிலைதான் பிழை” என்றான் பேரன்.

“வேலி இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? பெத்தவள் பாக்கவேணும்.”

வழக்கு முற்றியது. மருமகள் மட்டும் ஒன்றும் பேசவில்லை. பிள்ளையைச் சிறிது அருகே இழுத்துக்கொண்டாள். ஈற்றில் ஆச்சி என்பக்கம் திரும்பி, “தம்பி, நீர் பேப்பரிலை எழுதுறனீர். நீரே சொல்லும்” என்றார். அப்பொழுது நான் நழுவிவிட்டேன். இரண்டு நியாயங்களுக்கும் நடுவே நின்று உடனே தீர்ப்புக் கூற எனக்குத் துணிவு வரவில்லை. வாசக நேயர்களே, அன்று கூறாத விடையை இன்று கூற முயல்கின்றேன்.

முதலில் நடந்ததை அறிந்துகொள்வோம். 2016ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி, சனிக்கிழமை. அமெரிக்காவிலே ஓகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகர மிருகக்காட்சிசாலைக்குத் தாயொருத்தி தன் பிள்ளைகளுடன் வந்திருந்தாள். அவர்களுள் மூன்று வயது மகன் ஒரு கணத்தில் அவள் பார்வையினின்றும் நழுவி, மூன்றடி உயர வேலியைக் கடந்து, செடிகளுக்கூடாகத் தவழ்ந்து, பதினைந்தடி ஆழத்திலிருந்த அகழியில் வீழ்ந்தான். ஹரம்பே என்னும் ஆண் கொரில்லா அவனிடம் இறங்கி வந்தது. முதல் நாள்தான் அதற்குப் பதினேழு வயது நிறைந்திருந்தது. அதன் நிறை ஏறத்தாழ 440 இறாத்தல்.

பத்து நிமிடம் வரையில் பிள்ளை அதன் வசத்தில் இருந்தான். ஒரு சமயம் அது அவனைக் காப்பது போல நின்றது; மறு சமயம் காலைப் பற்றி நீரினூடே இழுத்துச் சென்றது. மேலே நின்றவர்களின் அலறல் அதனை மேலும் கலக்கியது. மயக்க ஊசியைச் செலுத்தலாமே என்று பலர் பின்னர் கேட்டனர். அம்மருந்து உடலில் ஊறி வேலைசெய்வதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். ஊசி தைத்த வலியில் வெகுண்ட விலங்கு அந்நிமிடங்களில் என்ன செய்யும் என்று எவராலும் கூற இயலாது. ஆகவே பொறுப்பாளர் துப்பாக்கியால் சுடுவித்தனர். ஹரம்பே மாண்டது, பிள்ளை பிழைத்தான்.

கொரில்லா இயல்பாகக் கொடியதன்று என்பதும் உண்மையே. 1986இல் ஜேர்சித் தீவின் மிருகக்காட்சிசாலையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உள்ளே வீழ்ந்து மயங்கிக் கிடந்தபோது, ஜம்போ என்ற கொரில்லா மற்றவை நெருங்காதபடி அவனருகில் காவல் நின்றது. 1996இல் சிக்காகோ நகருக்கு அண்மையில் புரூக்ஃபீல்டு என்னுமிடத்தில், பின்ரி ஜூவா என்ற பெண் கொரில்லா, தன் குட்டியை முதுகிற் சுமந்தவாறே, வீழ்ந்த மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிச்சென்று காவலர் வரும் வாயிலருகிற் கிடத்தியது. ஆயினும், முன்பு இரண்டு விலங்குகள் அருள் காட்டின என்பதனால் மூன்றாவதும் காட்டும் என்று நம்பி, பிறர் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்க எவருக்கு உரிமை உண்டு? அன்று துப்பாக்கிக்கு ஆணையிட்டவரை நான் குறைகூறேன். அந்நிலை வருவதற்கு முன் நடந்தவற்றையே நாம் ஆராய வேண்டும்.

ஹரம்பே மாண்ட செய்தி பரவியதும் உலகின் சினம் முழுவதும் அத்தாயின் தலைமேல் இறங்கியது. அவளைத் தண்டிக்க வேண்டும் என்று இலட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டனர். பொலிசார் விசாரித்தனர். ஜூன் 6ஆந் திகதி அப்பகுதி அரச வழக்குத் தொடுநர் தம் முடிவை அறிவித்தார். தாய் தன் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். மூன்று வயதுப் பிள்ளை நொடியில் ஓடிவிடக் கூடியது. எனவே அவள்மேல் வழக்கில்லை என்பது அதன் சாரம்.

அதற்கு அடுத்த நாள் கொரில்லாக்களின் இடம் மக்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. வேலி இப்பொழுது மூன்றரை அடி. மேலும் கீழும் திண்ணிய மரச்சட்டங்கள். அடியிலே பிள்ளைகள் நுழையாதபடி கயிற்று வலை. முன்னைய வேலி முப்பத்தெட்டு ஆண்டுகளாக எவரும் கடவாத வேலி என்று நிருவாகத்தினர் கூறியிருந்தனர். அக்கூற்றில் பொய் இல்லை. ஆனால் அரையடி மரமும் சிறிது கயிறும் பத்து நாட்களுக்குள் கிடைத்தன என்றால், அவை அதற்கு முன்னரும் கிடைத்திருக்கும் அன்றோ? முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒன்றும் நிகழாதிருந்தமை வேலியின் திறத்தாலா, நல்லூழாலா என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்வளவையும் கேட்ட பேரன், தன் பக்கமே வென்றது என மகிழலாகாது. வேலியின் கடமை இருக்கும் இடத்திலேயே பெற்றோரின் கடமையும் இருக்கிறது. 2012ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அதே அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில், ஆபிரிக்கக் காட்டுநாய்களைக் காணும் மேடையின் கைப்பிடிச் சட்டத்தின்மேல் ஒரு தாய் தன் சிறு மகனை ஏற்றிப் பிடித்தாள். பிள்ளைக்கு நன்றாகத் தெரியட்டும் என்பதே அவள் எண்ணம். பிள்ளை தவறி உள்ளே வீழ்ந்தான், காப்பாற்ற முடியவில்லை. அவள்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. மகனை இழந்தவளுக்கு நீதிமன்றம் இன்னும் என்ன தண்டனை அளித்துவிட முடியும்? ஆயினும் அந்த ஒரு செயலை நாம் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். வேலி என்பது நாம் நிற்கவேண்டிய எல்லை. அதனைப் பிள்ளைக்கு ஆசனமாக்கினால், எத்துணை உயரமான வேலியும் பயன்படாது.

“இவையெல்லாம் அமெரிக்கக் கதைகள், குடாநாட்டில் சிங்கமேது, கொரில்லாவேது?” என்று கேட்பீர்கள். யானைகூட இப்பொழுது ஆனையிறவு என்ற ஊர்ப்பெயரில்தான் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னி யானைகள் அவ்வழியாகக் கடல்நீரேரியைக் கடத்திக் கொணரப்பட்டு, கப்பலேற்றி விற்கப்பட்டன என்பது பழங்கதை. ஆனால் அதே ஆனையிறவைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் கிளிநொச்சி. அங்கே அம்பாள்குளத்தில் 2018ஆம் ஆண்டு ஜூன் 21ஆந் திகதி நிகழ்ந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

ஊருக்குள் புகுந்த சிறுத்தையொன்று பத்துப் பேர் வரையில் காயப்படுத்தியது; வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரும் அவர்களுள் ஒருவர். சினந்த ஊரவர் அதனைத் தடிகளால் அடித்துக் கொன்றனர். கொன்ற காட்சியும், மாண்ட சிறுத்தையோடு எடுத்த படங்களும் நாடெங்கும் பரவின. சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்கு அது. ஆகவே பொலிசார் சிலரைக் கைதுசெய்தனர். ஊரவர்க்கும் ஒரு நியாயம் இருந்தது. காயம்பட்டவர்கள் அவர்கள், தெருவிலே விளையாடுபவர்கள் அவர்களின் பிள்ளைகள். ஆயினும் கூட்டமாகத் திரண்டு சூழ்ந்து வெருட்டினால் சிறுத்தை ஓட வழியின்றிப் பாயும். அது பாய்ந்தால் முதலில் அகப்படுபவர் வேடிக்கை பார்க்க முன்னே நின்றவரே.

2014ஆம் ஆண்டு செப்டெம்பரில் டில்லி மிருகக்காட்சிசாலையிலும் கூட்டத்தின் குணம் இவ்வாறே வெளிப்பட்டது. வெள்ளைப்புலியின் அகழியுள் ஓர் இளைஞன் அகப்பட்டுக் கைகூப்பி இருந்தபோது, மேலே நின்றோர் கூச்சலிட்டனர், கல்லெறிந்தனர். அவனைக் காக்கவே அவர்கள் அவ்வாறு செய்தனர். ஆனால் புலி அவனைக் கழுத்திற் பற்றி இழுத்துச் சென்றது. சின்சினாட்டி, டில்லி, அம்பாள்குளம் என்னும் மூன்றிடங்களிலும் ஓலம் உதவவில்லை. அமைதியாக விலகி, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, பயிற்சி பெற்றவர்களை அழைப்பதே உதவி. அழைத்தவுடன் அவர்கள் உரிய கருவிகளோடு வருவதே அரசின் கடமை.

இனி நம் வீட்டு முற்றத்திற்கு வருவோம். ‘கடிநாய் கவனம்’ என்ற பலகை எத்தனை படலைகளில் தொங்குகிறது! எழுத்தறியாத மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பலகை என்ன சொல்லும்? நாயைக் கட்டி வைப்பதும், அதற்கு ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடுவிப்பதும் நாய் வளர்ப்போரின் பொறுப்பு. பலகையை மாட்டியதோடு பொறுப்புத் தீர்ந்துவிடாது. ஆறில்லாத இக்குடாநாட்டிலே வீட்டுக்கு வீடு உள்ள கிணறும் அத்தகையதே. அதில் புலியில்லை, ஆனால் கட்டில்லாத கிணறு புலிக்கூட்டினும் கொடியது. தோட்டக் கிணறுகளிற் பல இன்றும் நிலமட்டத்திலேயே வாய்திறந்து கிடக்கின்றன. யுத்தத்தாற் பல்லாண்டு கைவிடப்பட்ட காணிகளில் பற்றைக்குள் மறைந்திருக்கும் கிணறுகளை நினைத்தாலே நெஞ்சு நடுங்குகிறது. ஒரு பிள்ளை வீழ்ந்ததும் நாம் கேட்பது, “தாய் எங்கை போனவள்?” என்பதே. கட்டு எங்கே என்று கேட்பவர் சிலரே.

அன்று மாலை நான் விடைபெற்றபோது ஆச்சி படலை வரையில் வந்தார். பேரனுக்கும் மருமகளுக்கும் கேட்காத தூரம் வந்ததும் நின்று, தணிந்த குரலிற் கூறினார். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன், அவருடைய மூத்த மகன் தவழ்ந்து நடக்கத் தொடங்கிய காலம். அடுப்பில் உலை பொங்கவே, அதை இறக்கிவைக்கக் குசினிக்குள் சென்றாராம். பிள்ளை கிணற்றடிக்குப் போய்விட்டான். அக்காலத்தில் அக்கிணற்றின் கட்டு ஒரு முழ உயரந்தான். அயற்காணிப் பனையிலே கள்ளிறக்கிக்கொண்டிருந்தவர் மேலிருந்து கண்டு குரல் கொடுத்தார். ஆச்சி ஓடிச்சென்று பிடித்தபோது பிள்ளை கட்டின்மேல் வயிறு படியக் குனிந்து, நீரிலே தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தானாம்.

“அண்டைக்கு என்ரை மாமியும் இதைத்தான் கேட்டவ, தம்பி. ‘தாய் எங்கை போனவள்?’ எண்டு. அந்தச் சொல்லு இண்டைக்கும் நெஞ்சுக்குள்ளை கிடக்குது. இண்டைக்கு நானும் அதையே சொல்லிப்போட்டன்.”

சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “மறு கிழமை அவர் மேசனைக் கூட்டிக்கொண்டுவந்து கட்டை உயத்திப்போட்டார்” என்றார். கிணற்றடியை நான் திரும்பிப் பார்த்தேன். கீழே முழ உயரத்திற்குப் பழைய வெண்கல். அதற்குமேல் நெஞ்சளவு வரையில் பிற்காலத்துச் சீமெந்துக் கட்டு. இரண்டின் நிறமும் இன்றும் வேறாகவே தெரிகிறது.

ஆச்சி கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். விழி தாயினுடையது, வேலி ஊரினுடையது. விழி இமைக்கும். உலை பொங்கும்போதும், இரண்டாவது பிள்ளை அழும்போதும், களைப்பினாலும் அது இமைத்தே தீரும். அந்த இமைப்பொழுதுக்காகவே வேலி. இமைக்காத தாயை எதிர்பார்த்து வேலி அமைப்பவர் பிள்ளைகளை அறியாதவர். வேலி இருக்கிறதே என்று விழியை மூடிக்கொள்பவரோ விலங்குகளை அறியாதவர்.

பாடசாலை விடுமுறை வருகின்றது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கு வளர்ந்த பிள்ளைகளுட் பலர் சிங்கத்தைப் புத்தகப் படத்திலேயே கண்டனர். அவர்கள் இன்று பெற்றோராகித் தம் பிள்ளைகளைத் தெகிவளைக்கு அழைத்துச் செல்கின்றனர், மகிழ்ச்சியே. செல்லும் முன் சிலவற்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிறு பிள்ளைக்கும் பெயர்சொல்லி ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குங்கள்; எல்லாரும் பார்க்கின்றனர் என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை. பிள்ளையைத் தோளில் ஏற்றுவதாயின் வேலியினின்றும் நான்கடி பின்னே நில்லுங்கள். படமெடுக்கும்போது பிள்ளையின் கையை மற்றொருவர் பிடித்திருக்கட்டும். விலங்கைச் சீண்டும் பிறரைக் கண்டால் காவலரிடம் கூறுங்கள். அங்கே வேலியில் ஓட்டையையோ தளர்ச்சியையோ கண்டாலும் பேசாது வந்துவிடாதீர்கள்.

புறப்படுவதற்கு முன்னதாக, உங்கள் வீட்டுக் கிணற்றடிக்கும் ஒருமுறை சென்று, கட்டு உங்கள் பிள்ளையின் நெஞ்சுக்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். சென்ற ஆண்டு நின்றிருக்கலாம். பிள்ளை வளர்ந்திருக்கிறது.