ஒரு புள்ளிதானே என்று சொல்லாதீர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. அரச வேலைக்குப் பரீட்சை எழுதும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கடைசிவரை வாசியுங்கள்.

உரும்பிராயில் ஞாயிறு காலையில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள், வேலை தேடும் பிள்ளைகளுக்குப் பொது அறிவும் நுண்ணறிவும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். போன கிழமை ஒரு பிள்ளை, தான் எழுதிய பரீட்சை ஒன்றில் வந்த வினாவை நினைவில் வைத்துக் கொண்டு வந்தா. "இலங்கையின் முதலாவது ஜனாதிபதி யார்?" விடைகளில் வில்லியம் கோபல்லாவவும் இருக்கிறார், ஜே.ஆர். ஜயவர்தனவும் இருக்கிறார்.

"சேர், எதுக்குப் புள்ளடி போடுறது?"

1972இல் நாடு குடியரசானபோது ஜனாதிபதியானவர் கோபல்லாவ. 1978இல் முதலாவது நிறைவேற்று ஜனாதிபதியானவர் ஜயவர்தன. கேட்டபடி பார்த்தால் கோபல்லாவதான் சரி. ஆனால் வினா எழுதியவர் "நிறைவேற்று" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டு தாளில் விட்டுவிட்டாரா என்று யாருக்குத் தெரியும்?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "எல்லாருக்கும் அதே வினாதானே, பிறகென்ன அநியாயம்?"

அநியாயம் இருக்கிறது. ஜே.ஆரை மட்டும் தெரிந்த பிள்ளை இரண்டு செக்கனில் புள்ளடி போட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போகும். இருவரையும் தெரிந்த பிள்ளை இரண்டு நிமிடம் யோசித்து, சரியான விடையையே போட்டுப் புள்ளியை இழக்கும். கூடப் படித்ததற்குத் தண்டனை! இப்படியான வினா அறிவை அளப்பதில்லை. வினா எழுதியவரின் மனதை யார் ஊகித்தார் என்பதைத்தான் அளக்கிறது.

நுண்ணறிவுத் தாளிலும் இதே கதைதான். 1, 2, 4, அடுத்தது என்ன? இரட்டிப்பாக்கினால் 8. ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டு போனால் 7. இரண்டையும் விடைகளில் வைத்துவிட்டு ஒன்றுதான் சரி என்றால் நுண்ணறிவு யாருக்குக் குறைவு?

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு சுமை. நிறையின் அலகு என்ன? எங்கள் பாடநூலில் நிறை என்றால் நியூட்டன், திணிவு என்றால் கிலோகிராம். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் நிறை என்றால் கிலோகிராம், எடை என்றால் நியூட்டன். சந்தையிலும் நிறை கிலோகிராம்தான். மொழிபெயர்த்தவர் எதைப் பார்த்து மொழிபெயர்த்தாரோ! "எது பொருந்தாதது" என்பது "எது பொருந்துவது" என்று மாறினால் முழு வினாவும் தலைகீழ். பொதுச் சேவைக்கான பரீட்சையைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. பிழையான மொழிபெயர்ப்பைக் கையில் கொடுத்தால் அந்த உரிமை கடதாசியில் மட்டும்தான்.

ஒரு புள்ளியில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழக்கு. தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வில், 'வந்தே மாதரம்' முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று கேட்டார்கள். ஒருவர் வங்காளம் என்றார். விடைக்குறிப்பு சமஸ்கிருதம் என்றது. பாட்டிலோ இரண்டும் கலந்திருக்கின்றன. தேவை 90 புள்ளி, அவர் எடுத்தது 89. நீதிமன்றம் ஏறி, 2017 ஜூலையில்தான் அந்த ஒரு புள்ளி கிடைத்தது. அதே தீர்ப்பில் பள்ளிகளில் அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்ற உத்தரவும் வந்ததால் சண்டை முழுக்க அதைப் பற்றியே நடந்தது. ஒரு வேலையின் கதை அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. ஐயத்துக்கிடமான வினாவை உடனே நீக்குங்கள் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1983இலேயே கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் சொல்லியிருந்தது.

"பிரச்சினை வந்தால் எல்லாருக்கும் இலவசப் புள்ளி கொடுத்துவிடலாம்" என்பதும் தீர்வல்ல. 2024 புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்தபோது அப்படித்தான் முடிவெடுத்தார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று எங்கள் உயர் நீதிமன்றமே அந்த டிசம்பர் 31இல் தீர்ப்பளித்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு உள்ள நியாயம் முப்பது வயதுப் பட்டதாரிக்கு இல்லையா?

நாங்கள் கேட்பது பெரிய விடயமில்லை.

வினாத்தாளைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள். தாளையும் திருப்பி வாங்கிக்கொண்டால் எதை வைத்து முறையிடுவது?

தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபிக்க நாள் கொடுங்கள். தமிழ்நாட்டுத் தேர்வாணையம் அதைச் செய்கிறது.

சிங்களத் தாளைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்த் தாளைக் கொடுத்து விடை எழுதச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பிழை அங்கேயே பிடிபடும்.

பிழையான வினாவைப் பெறுபேறு வர முதலே தீர்த்துவிடுங்கள்.

இது தமிழ்ப் பிள்ளைக்கோ முஸ்லிம் பிள்ளைக்கோ மட்டுமான வழக்கல்ல. கோபல்லாவவா ஜே.ஆரா என்று மாத்தறையில் இருக்கும் சிங்களப் பிள்ளையும்தான் தடுமாறும். ஆனால் உரும்பிராய் பொன். சிவகுமாரனின் ஊர். 1970களில் தரப்படுத்தல் வந்தபோது, பரீட்சைப் புள்ளியில் அநீதி நடக்கிறது என்ற எண்ணம் ஒரு தலைமுறையை எங்கே கொண்டுபோனது என்று இந்த ஊருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

வினாத்தாள் ஓர் அமானிதம். நிறுத்துக் கொடுப்பவரின் தராசு பிழை என்றால் வாங்குபவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருடம் வயதெல்லை முடிகிறது. இன்னும் ஒரு பரீட்சைதான். தயவுசெய்து யாரும் அவவிடம் "ஒரு புள்ளிதானே" என்று சொல்லாதீர்கள்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும், குழப்பமான வினாவை நினைவிருக்கும்போதே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். சேர்த்து, பெயர் போட்டு, உரிய இடத்துக்கு நாங்களே அனுப்புகிறோம்.