பூட்டு இல்லாத மேசைப் போன்

டயல் சுற்றும் போன் இருந்த காலத்தில், ஆபீஸ்களில் அந்த டயல் துளையில் ஒரு குட்டிப் பூட்டு தொங்கும். கில்லாடிகள் ரிசீவர் கொக்கியைத் தட்டித் தட்டியே நம்பர் போட்டுவிடுவார்கள், அது வேறு கதை! ஆனாலும் பூட்டணும் என்ற எண்ணமாவது இருந்தது.

இன்று ஓர் ஆபீஸ் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு இடம் மாறினால், ஐ.பி. போனைக் கழற்றிக் கொண்டுபோய் நெட்வொர்க் ஒயரில் செருகிவிட்டு, "டோன் வருதுல்ல, போதும்" என்கிறோம். போதாது என்பேன் நான். கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். பழைய கணக்கும் உள்ளேயே கிடக்கும். செட்டிங் பக்கம் இன்டர்நெட்டில் திறந்து கிடந்தால், எவனோ ராத்திரியோடு ராத்திரியாக வெளிநாட்டுக்குப் பேசுவான்; பில் நமக்கு! போனை முழுசாக ரீசெட் செய்து, புதுப் பாஸ்வேர்டு போட்டு, கம்ப்யூட்டர்களோடு கலக்காமல் தனி வி-லேனில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்று. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியே 48 வோல்ட் அனுப்பியது. கரண்ட் போனாலும் பேசலாம். ஐ.பி. போனோ ஆபீஸ் ஸ்விட்ச் செத்தால் கூடவே சாகும். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் அடித்த பிறகு நம்ம மாவட்டம் எப்படி இருட்டில் கிடந்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஸ்விட்சுக்கு யு.பி.எஸ். இல்லாமல் போனை மட்டும் மாட்டி என்ன பிரயோஜனம்?

நம் பிராக்டிகலில் இதற்கு ஒரு பீரியடாவது கேட்போம். பழைய ஐ.பி. போன் ஒன்று கிடைத்தால் போதும்.