எலும்புக்கூடு அல்ல, பந்தல்

ஒற்றைச் செல் உயிர்களுக்குள் வடிவத்தைத் தாங்கி நிற்கும் புரத இழைகளின் அமைப்பைத் தமிழில் எழுதுகிறவர்கள் பலர் 'செல் எலும்புக்கூடு' என்று பெயர்த்துவிடுகிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்கு நேர் என்பதைத் தவிர இந்தச் சொல்லாக்கத்துக்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. தமிழில் எலும்புக்கூடு என்பது உயிர் போனபின் மிஞ்சுவது. இங்கே பேசப்படுவதோ உயிர் உள்ளவரை மட்டுமே நிற்பது. அதுவும் கணந்தோறும் பிரித்துக் கட்டப்படுவது.

இதை வெறும் சொற்சண்டையாக நான் கருதவில்லை. 2024இல் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் அடுத்தடுத்துப் பதிவாகி, எங்கள் மாவட்ட எல்லையை ஒட்டிய நெய்யாற்றின்கரை வரை வந்தது. திற்பரப்பு அருவியில் குளிக்க வருகிறவர்களின் பேச்சிலும் அது புகுந்தது. பத்திரிகைகள் சூட்டிய பெயர் 'மூளையைத் தின்னும் அமீபா'. அந்தப் பெயரோடு அறிதலும் முடிந்துபோயிற்று. பேய்க்கு யார் உடற்கூறு கேட்கப் போகிறார்கள்?

ஆனால் நெக்லேரியாவின் உடற்கூறு கேட்கத் தக்கது. நோய் செய்யும் நெக்லேரியா ஃபௌலேரிக்கு, தீங்கற்ற உறவினன் ஒன்று உண்டு: நெக்லேரியா க்ரூபெரி. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் சாண்ட்லர் ஃபுல்ட்டன் 1960களிலிருந்து பல்லாண்டுகள் அதை ஆராய்ந்தார். ஊரும் அமீபாவாக இருக்கும்போது அது ஆக்டின் என்னும் புரத இழைகளை முன்பக்கம் கட்டி, பின்பக்கம் அவிழ்த்து நகர்கிறது. உணவற்ற தூய நீருக்கு மாற்றினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உருண்டு, நீண்டு, இரண்டு கசையிழைகளை முளைக்கவிட்டு நீந்தத் தொடங்குகிறது. அதற்கு வேண்டிய நுண்குழல்கள் ஊரும் அமீபாவில் இல்லை. செல் பிளவுறும் சமயத்தில் மட்டும் தோன்றி மறைபவை அவை. அவற்றுக்கான டியூபுலின் புரதத்தைக்கூட அது புதிதாகத்தான் உண்டாக்கிக்கொள்கிறது. உணவு கிடைத்தால் மீண்டும் அமீபா.

நம் ஊர்க் கல்யாணப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்தால் காலைப் பிடுங்கி, கயிற்றை அவிழ்த்து, அதே மூங்கிலை அடுத்த வீட்டில் நடுவார்கள். ஆக்டினின் வேலை அப்படிப்பட்டது. நெக்லேரியாவின் நுண்குழல் விஷயத்தில் உவமை கொஞ்சம் தடுமாறுகிறது. அங்கே மூங்கிலையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வளர்த்தாக வேண்டும்! விலங்கியல் துறை நண்பர் 'சட்டகம்' போதுமே என்கிறார். எலும்புக்கூட்டுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் சன்னல் சட்டகத்துக்குச் செய்தி எதுவும் வருவதில்லை.

செய்திதான் இங்கே முக்கியம். சீதபேதி உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிடிகாவை டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அலோக் பட்டாச்சார்யா, சுதா பட்டாச்சார்யா குழுவினர் ஆராய்ந்தார்கள். 2011இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, அது இரையை விழுங்கத் தொடங்கும் கணத்தைப் பற்றியது. இரை மேலுறையைத் தொட்ட இடத்துக்கு ஒரு நொதி விரைகிறது. அது கால்சியத்தைப் பற்றும் ஒரு புரதத்தை அழைத்துவருகிறது. அப்புரதம் ஆக்டினோடு சேர, அந்த இடத்தில் கிண்ணம் போல் ஒரு குழி எழுகிறது. தொடுகை செய்தியாகி, செய்தி வடிவமாகிறது. நரம்பு ஒன்றுகூட இல்லாத உயிரில் இத்தனையும் நடக்கிறது. இதைப் போய் எலும்புக்கூடு என்போமா?

நெக்லேரியாவில் நீந்தும் வடிவம் உண்பதுமில்லை, பெருகுவதுமில்லை. ஊரும் அமீபாதான் மூக்கில் ஏறிய நீரிலிருந்து மோப்ப நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அங்கும் அது திசுக்களைக் கிண்ணம் போன்ற வாய்களால் பிய்த்து உண்கிறது. பத்திரிகைப் பெயரில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. குடித்த நீரால் இந்நோய் வருவதில்லை. வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீர் அதற்கு உகந்தது.

சிவராத்திரியை ஒட்டிய சிவாலய ஓட்டத்தில் திற்பரப்பு மூன்றாவது தலம். பன்னிரண்டு தலங்களிலும் குளித்து, ஈர உடையோடு அடுத்த கோயிலுக்கு ஓடுகிறவர்களுக்கு மூளை தின்னும் பேயைக் காட்டி மிரட்டும் பலகை வேண்டாம். மூழ்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, அது ஏன் என்பதையும் இரண்டு வரியில் தமிழில் எழுதி, ஒவ்வொரு குளக்கரையிலும் வைக்கலாம். அந்த இரண்டு வரிகளை எழுதித்தரத் தமிழாசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.