இரண்டாவது கேள்வி எங்கே?

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அன்றே புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயன்களையும் மண் மூடியது. இத்தகைய வேளைகளில் அரசியல்வாதியின் பின்னால் ஒலிவாங்கிகளும் வருகின்றன. "என்ன செய்யப்போகிறீர்கள், ஐயா?" "காணியும் வீடும் தருவோம்." பெரும்பாலும் செவ்வி அத்தோடு முடிந்துவிடும்.

எந்தக் காணி? எத்தனை பேர்ச்? உறுதி யார் பெயரில், மனைவிக்கும் பங்குண்டா? தோட்டக் கம்பனி காணியை விடுவித்துவிட்டதா? 'ஐயா' என்றழைப்பதில் குற்றமில்லை. கேள்வியே கூனிப்போவதுதான் குற்றம்.

சம்பள விடயமும் இப்படித்தான். 2024 மே தினத்தில் 1,700 ரூபா என்றார் ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்ததோ 1,350. 'கம்பனிகள் மறுத்தால் என்ன வழி?' என்பது மே மாதத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

உங்கள் முற்றத்துக்கு நிருபர் வந்தால், அபாய இடமென்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தந்த கடிதத்தைக் காட்டுங்கள். அதிலுள்ள திகதியை வாசித்துவிட்டு அமைச்சரைக் கேட்கச் சொல்லுங்கள்.