பேருந்து நேரம் யாருக்குச் சொந்தம்?

நெல்லையிலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையோடு கடையம் சாலையும் சுரண்டைச் சாலையும் கூடுமிடம் பாவூர்சத்திரம். மாலை வேளையில் அங்கு நிற்போர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். கல்லூரியிலிருந்து திரும்பும் மாணவியும், சந்தையில் காய்கறி விற்றுவிட்டு வந்த முதியவரும் தேநீர்க் கடைக்காரரிடம் ஒரே வினாவைத் தொடுப்பர்: "அண்ணாச்சி, கடையம் வண்டி போயிட்டா?" அவர் கூறும் விடையே அவர்களுக்குக் கால அட்டவணை. அவர் கடை அடைக்கும் நாளில் அதுவும் இல்லை!

அந்த நேரங்கள் எவரும் அறியாதவை அல்ல. தனியார் பேருந்துகளின் கால அட்டவணைக்கு ஒப்புதல் அளிப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். அவ்வட்டவணையை வண்டியிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் மக்கள் பார்வைக்கு வைக்குமாறு நிபந்தனை விதிக்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே இடந்தருகிறது. எனவே அது மறைபொருள் அன்று. தாளில் தொங்கவேண்டிய அச்செய்தியைக் கணினி படிக்கும் வடிவிலும் யாவர்க்கும் தருக என்பதே என் வேண்டுகோள்.

அதற்கான பொது வடிவம், 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரப் போக்குவரத்து நிறுவனம் கூகுளுடன் கைகோத்தபோது பிறந்தது. ஜி.டி.எஃப்.எஸ். என்று அதனைக் குறிப்பர். பெயரைக் கண்டு மருள வேண்டா. நிறுத்தங்கள் ஒரு கோப்பில், வழித்தடங்கள் மற்றொன்றில், எவ்வண்டி எந்நிறுத்தத்தை எப்போது அடையும் என்பது இன்னொன்றில். எல்லாம் காற்புள்ளியிட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்புகளே. 2018இல் கொச்சி மெட்ரோ தன் தரவுகளை இவ்வாறு திறந்தது. அவ்வாண்டிலேயே தில்லி அரசும் பேருந்துத் தரவுகளைத் திறந்துவைத்தது.

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2022இல் பேருந்து வருமிடத்தைக் காட்டும் செயலியை அளித்தது. நன்றே. ஆயினும் செயலி தருவது வேறு. தரவைத் திறப்பது வேறு. செயலி, அதைச் செய்தவர் எண்ணியதை மட்டுமே செய்யும். தரவு திறந்திருப்பின், பார்வையற்றோர்க்குக் குரலில் நேரம் சொல்லும் செயலியை ஒரு மாணவர் இயற்றுவார். கைப்பேசி இல்லாத பெரியவர்களுக்காக நிறுத்தத்தில் ஒட்டும் அச்சுத்தாளை இன்னொருவர் எடுப்பார்.

நேரத்தை வெளியிட்டால் தாமதமும் வெளிப்படுமே என அஞ்சுவோர் உளர். வெளிப்படட்டுமே! காத்திருப்பவர் அதனை இப்போதும் அறிந்துதான் நிற்கிறார்.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாவூர்சத்திரம் என்னும் பெயரே ஆங்கிலத்தில் ஒவ்வோரிடத்தும் ஒவ்வொரு விதமாக எழுதப்படுகிறது. தேடுபவர் எழுதும் பெயரும் கோப்பிலுள்ள பெயரும் மாறுபட்டால் வண்டி இருந்தும் இல்லாததாகிவிடும். கீழப்பாவூர், ஆவுடையானூர் என நிறுத்தம் நிறுத்தமாகச் சென்று, ஊரார் வழங்கும் பெயரைப் பிழையறத் தமிழில் எழுதித் தருவதற்குக் கணினித் துறையினர் நம்மிடந்தானே வரவேண்டும்? அவர்கள் வரும்வரை காத்திராது, அடுத்த விடுமுறையிலேயே நம் மாணவர் குறிப்பேட்டுடன் புறப்படலாம்.