தரம் எத்தனை?

மதியம் ஒண்ணேகாலுக்கு மணி அடித்தது. எங்கள் வங்கிக் கிளைக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற மேல்நிலைப் பள்ளி இந்த மார்ச்சிலும் பிளஸ் டூ தேர்வு மையம். அன்றைக்குக் கணிதம். நான் டீ குடிக்க இறங்கி வந்தபோது கேட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். வெளியே வந்த பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் மூன்றாகப் பிரிந்துவிட்டார்கள். யாரும் பிரிக்கவில்லை. இந்த நாட்டில் எல்லாமே தானாகப் பிரிந்ததாகத்தானே சொல்கிறார்கள்!

வேன் நின்ற பக்கம் தனியார் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுடைய கணக்கு வாத்தியார் வினாத்தாளை வாங்கி வேனின் பக்கவாட்டில் வைத்து விடை எழுத ஆரம்பித்துவிட்டார். வேப்பமரத்தடியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். ‘முப்பதாவதுக்கு உனக்கு எவ்ளோடா வந்துச்சி?’, ‘நாப்பதாவது நம்ம புக்குலயே இல்லடா’ என்று ஒரே இரைச்சல். (இப்போதைய வினாத்தாளில் 30ம் 40ம் கட்டாய வினாக்கள். மற்றவற்றைப்போல விட்டுவிட்டு வேறு ஒன்றை எடுக்க முடியாது.) மூன்றாவது கூட்டத்தைக் கூட்டம் என்றே சொல்ல முடியாது. நாலைந்து பேர், யாரோடும் பேசாமல், வினாத்தாளை நாலாக மடித்துப் பையில் செருகிக்கொண்டு நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். இந்தத் தலையங்கம் அவர்களைப் பற்றியது.

‘முடிஞ்ச பரீட்சையைப் பேசாதே, அடுத்ததைப் படி’ என்று வாத்தியார்கள் சொல்வார்கள். நல்ல புத்திமதிதான். ஆனால் கணக்குப் பரீட்சை வேறு மாதிரி. தமிழ்த் தாளில் எத்தனை பக்கம் எழுதினோம் என்று பேசலாமே தவிர, எத்தனை மார்க் விழும் என்று அங்கேயே தெரியாது. கணக்கில் தெரியும். ஊர்ப் பையனுக்கு 12 வந்து சேரிப் பையனுக்கும் 12 வந்தால் இரண்டும் ஒரே 12தான். பன்னிரண்டு வருஷப் படிப்பில் நம் பிள்ளை மற்றவனோடு சரிசமமாக நின்று ‘நீ தப்பு, நான் சரி’ என்று சொல்லக்கூடிய அரைமணி நேரம் அது. அந்த அரைமணியை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்தினோம்?

என் கதையைச் சொல்கிறேன். 2008 மார்ச். விழுப்புரம் பக்கத்தில் ஒரு ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தேன். அப்போது கணிதத்துக்கு 200 மார்க். ஒரு மார்க் 40, ஆறு மார்க் 10, பத்து மார்க் 10. தேர்வு மையம் டவுனில் வேறொரு பள்ளி. பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் டவுன் பையன் ஒருத்தனைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். டியூஷன் படித்தவன், மடிப்புக் கலையாத சட்டை. நானும் போய் ஓரமாக நின்றேன். அணியின் தரம் காணும் ஆறு மார்க் கணக்கு ஒன்று. அவன் சொன்னான்: ‘மூணு.’ எனக்கு இரண்டு வந்திருந்தது.

கணக்குப் படிக்காத தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வந்த எண்கள் ஞாபகமில்லை. ஒன்றிலிருந்து ஒன்பதுவரை வரிசைக்கு மூன்றாக எழுதிக்கொள்ளுங்கள்: 1, 2, 3; அதன் கீழே 4, 5, 6; அதன் கீழே 7, 8, 9. வரிசை மூன்று இருக்கிறது. ஆனால் முதல் வரிசையையும் மூன்றாவது வரிசையையும் கூட்டினால் 8, 10, 12. நடு வரிசையை இரண்டால் பெருக்கினாலும் அதே 8, 10, 12. அதாவது ஒரு வரிசை சொந்தக்காலில் நிற்கவில்லை, மற்ற இரண்டிலிருந்து வந்தது. ஆகவே தரம் 2. வரிசையை எண்ணித் தரம் சொல்லக்கூடாது, போட்டுப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

அவன் ஒரு கழித்தல் குறியை விட்டிருக்கிறான். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். பேனா என் கையில்தான் இருந்தது. நான் வாயே திறக்கவில்லை. விடையைப் பார்க்காமல் சொன்னவன் முகத்தைப் பார்த்தேன், அதுதான் நடந்தது. அவனுக்குத் தப்பாக வரும் என்பதை என் மண்டை ஏற்கவில்லை. விடுதிக்கு வந்து இரண்டு நாள் ‘ஆறு மார்க் போச்சே’ என்று படுத்துக் கிடந்தேன். அடுத்து வந்த உயிரியலைக் கெடுத்துக்கொண்டேன். பிறகு எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் வினாத்தாளைப் போட்டுக் காட்டியபோதுதான் தெரிந்தது, என்னுடையது சரி.

என்னோடு அதே அறையில் எழுதிய எங்கள் தெருப் பையன் அன்றைக்கு மரத்தடிக்கு வரவே இல்லை. ‘வாடா, பாத்துட்டுப் போலாம்’ என்றேன். ‘நீ பாரு’ என்றான். உயிரியலுக்கு வரவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாக அவன் அம்மா கரும்பு வெட்டிவிட்டு வரும்போது சொன்னது. ரிசல்ட் வந்தபோது கணிதத்தில் பாஸாகியிருந்தான். எழுதாமல் விட்ட உயிரியலில்தான் ஃபெயில். பாஸான கணக்கைத் தோற்றதாக நினைத்துக்கொண்டு போனவனை என்ன செய்வது?

ஆறு மார்க் சின்ன விஷயமில்லை. நுழைவுத் தேர்வை ஒழிக்க 2006இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு பொறியியல் கட்–ஆஃபுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று பிளஸ் டூ மார்க்கே கணக்கு. 200க்கு எழுதியதைப் பாதியாக்கினால் ஆறு மார்க் என்பது கட்–ஆஃபில் மூன்று. ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிற வரிசையில் மூன்று மார்க் எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்று மாணவத் தோழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

‘தரம்’ என்ற அதே சொல்லை இப்போது வேறு வாயில் கேட்கிறேன். கிளையில் ஒரு சகஊழியர், நல்ல மனுஷர்தான், இடஒதுக்கீடு பேச்சு வந்தால் ‘தரம் குறையுதுங்க’ என்பார். கேஷ் டேலி ஆகாத சாயங்காலங்களில் அவர் கூப்பிடுவது என்னைத்தான். வரிசையை எண்ணித் தரம் சொல்கிற பழக்கம் அந்த டவுன் பையனோடு முடியவில்லை. குழுமூர் அனிதா 2017இல் 1200க்கு 1176 வாங்கினாள். கணிதத்தில் 200க்கு 200. ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் இதற்குமேல் என்ன விடை எழுதவேண்டும்? நீட் என்று வேறொரு தாளை நீட்டி ‘இதில் தரம் காட்டு’ என்றார்கள். உச்சநீதிமன்றம்வரை போனாள். செப்டம்பர் 1ஆம் தேதி நாம் அவளை இழந்தோம்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. எங்கள் காலத்துத் தமிழ்வழிக் கணிதப் புத்தகத்தில் ‘குரூப்’ என்பதற்குக் ‘குலம்’ என்று போட்டிருந்தார்கள். முதல் விதியே அடைப்பு விதி: குலத்துக்குள் எந்த இரண்டைச் சேர்த்தாலும் விடை குலத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் படித்த கட்டுரையில் அகமணத்தைச் சாதியின் உயிர்நாடியாகக் காட்டினாரே, அதைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே படித்தாகிவிட்டதே!

மரத்தடி ஒன்றும் புனிதமான இடமில்லை என்பதும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் யார்? கூடப் படித்தவர்கள். விடை கேட்டுக்கொள்ளவேண்டிய வயசில் அரிவாள். அந்தப் பிள்ளை அடுத்த மே மாதம் 600க்கு 469 வாங்கித் தேறினான். அந்த 469 என்ன விலைக்கு வந்தது என்று எந்த மார்க் பட்டியலிலும் இராது. அதே 2023 மார்ச் 13, தமிழ்த் தேர்வு அன்றைக்கே 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிளஸ் டூ தேர்வுக்கு வரவில்லை. ஒரே நாள் பேசினார்கள், மறந்தார்கள். தேர்வு முடிந்த சாயங்காலம் டி.வி. மைக் எப்போதும் வேன் பக்கம்தான் போகிறது. ‘கணிதம் எளிது, மாணவர்கள் மகிழ்ச்சி’ என்று மறுநாள் செய்தி. யாருக்கு எளிது?

அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டு நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ஒரு பொண்ணு மட்டும் பேசினாள். ‘அஞ்சு மார்க் ஏழுல மூணுதாண்ணே எழுதினேன். போயிடும்.’ வினாத்தாளை வாங்கினேன். ஒரு மார்க் இருபதையும் அவள் போட்டதைச் சொல்லச் சொல்லி டிக் அடித்தோம். பதினான்கு சரி. இரண்டு மார்க்கில் நாலு, மூன்று மார்க்கில் மூன்று. ஐந்து மார்க் மூன்றும் முழுசாக வராது என்று குறைத்தே போட்டாலும் நாற்பதைத் தாண்டியது. 35 போதும். பஸ் வந்துவிட்டது. ‘அடுத்த பரீட்சைக்கு வரணும்மா’ என்றேன். ‘வரேண்ணே’ என்று படியில் நின்றே சொன்னாள். வந்தாள். நான் பார்த்தேன்.

கூட்டம் போடுகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். பிளஸ் டூ கணக்குப் போடத் தெரிந்த தோழர்கள் நம்மிடம் இல்லையா? கல்லூரியில் படிக்கிற நீங்கள் ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் இரண்டு பேர் உட்காரலாம். பேனாவும் நாலு வெள்ளைத்தாளும் போதும். ரிசல்ட் வந்தபிறகும் வேலை இருக்கிறது. விடைத்தாள் நகல் கேட்டு வாங்கலாம், வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். கட்டணத்திலேயே ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கட்டணத்துக்கு ஒரு உண்டியல் வைத்தால் என்ன? நானும் இன்னும் இரண்டு வங்கித் தோழர்களும் எங்கள் பங்கைப் போட்டுவிட்டோம்.

ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு வரும். அதுவும் ஒண்ணேகாலுக்குத்தான் முடியும்.