மோப்பம் நாய்க்குத் தெரியும், பழக வேண்டியது நாங்கள்

எங்கட ஜிம்மி சந்திக் கடையடியில் கிடந்து எடுத்த குட்டி. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிஞ்சு கிடக்கும். அதுக்கு மோப்பம் பிடித்து வழி தொடரப் பழக்கப் போகிறேன் என்று சொன்னபோது ஒழுங்கையில் வந்த முதல் கேள்வி: "உது என்ன சாதி?" ஊர் நாய் எண்டன். "ஊர் நாய்க்கு உதெல்லாம் ஏறாது தம்பி. அதுக்கு ஜேர்மன் ஷெப்பேர்ட் எடுக்க வேணும்."

நாயைக் கண்டவுடன் சாதி கேட்கிற ஊர் எங்கடது. தெருவில் நிற்கிற நாயை எந்தப் பெயர் சொல்லித் துரத்துகிறோம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இந்தக் கட்டுரை நாய் பழக்குவது பற்றித்தான். ஆனால் அந்தக் கேள்வியைத் தாண்டாமல் தொடங்கவே முடியாது என்பதால் முதலில் சொல்லி வைக்கிறேன்.

நான் இதில் இறங்கினதுக்குக் காரணம் அம்மம்மா. அவவுக்கு மறதி நோய். பின்னேரம் ஆனால் "நான் வீட்ட போறன்" எண்டு வெளிக்கிடுவா. இருக்கிறதே தன்ர வீட்டிலதான் எண்டு அவவுக்குத் தெரியாது. போன வருசம் ஒருநாள் படலை திறந்து கிடந்தது. நாலு பேர் டோர்ச் அடிச்சு இரண்டு மணித்தியாலம் தேடினோம். கடைசியில் பக்கத்துத் தோட்டத்துக் கிணத்தடியில் குந்தியிருக்கக் கண்டோம். கட்டு இல்லாத கிணறு அது. அதைப் பற்றி வீட்டில் இண்டைக்கும் ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

அப்ப ஜிம்மி மூன்று மாதக் குட்டி. நாங்கள் தேடின நேரம் முழுக்க விறாந்தையில் சங்கிலியோடு நின்று கத்தினது. "சத்தம் போடாத" எண்டு அதுக்கு ஒரு அடியும் விழுந்தது. அம்மம்மா எங்கே போனா என்று அதுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டில் நல்ல மூக்கு உள்ள ஒரே ஆளைக் கட்டி வைத்துவிட்டு, நாங்கள் இருட்டுக்குள் கண்ணால் தேடியிருக்கிறோம். அடுத்த நாள் காலமைதான் அது உறைத்தது.

மனிதர் மூக்கில் மணத்தை உணரும் ஏற்பிகள் 5, 6 மில்லியன் என்று கணக்குச் சொல்வார்கள். நாய்களுக்கு அது இனத்தைப் பொறுத்து 200, 300 மில்லியன் வரை போகும். அது விடுகிற மூச்சு மூக்கின் இரண்டு பக்கத்திலும் உள்ள வெட்டுகளால் வெளியேறுவதால், முன்னால் உள்ள புது மணம் தடையில்லாமல் உள்ளே வந்துகொண்டிருக்கும். நாங்கள் நடக்கும்போது தோலில் இருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உதிருகின்றன. மிதிபட்ட புல்லும் கிளறுபட்ட மண்ணும் தங்கள் பங்குக்கு மணம் விடும். நாய் வாசிப்பது இவ்வளவையும் சேர்த்துத்தான். இதில் நாங்கள் "பழக்க" என்ன இருக்கு? ஆயிரம் மணத்துக்குள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் உனக்கு லாபம் என்று அதுக்குப் புரிய வைப்பது மட்டும்தான் எங்கட வேலை.

அந்த மூக்கு ஊர் நாய்க்கும் இருக்கு. வேட்டைக்கும் பொலிஸ் வேலைக்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த இனங்களுக்கு வேலையில் பிடிவாதம் கூட இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சந்தையில் எந்த மீன்காரர் எப்ப வருவார் என்று மணத்தை வைத்தே சீவிக்கிற நாய்க்கு "உதெல்லாம் ஏறாது" என்பது கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கதை.

தொடங்குவது சுகம். இரண்டரை, மூன்று மாதத்திலேயே விளையாட்டாகத் தொடங்கலாம். தடுப்பூசி முழுக்கப் போட்டு முடியும்வரை சொந்த வளவுக்குள்ளேயே செய்யுங்கள். விசர்நாய்க்கடி ஊசியையும் மறக்கக் கூடாது. குட்டி பசியோடு இருக்க வேணும், பட்டினியாக இல்லை. அவிச்ச கோழி ஈரலைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெட்டி எடுங்கள். உப்பும் தூளும் வேண்டாம். கருவாடு கொடுத்துக் கெடுக்காதீர்கள்.

விடியக் காலமை, பனி காயமுதல், புல் உள்ள இடமாகப் பாருங்கள். ஈரத்தில் மணம் நிற்கும். பங்குனி வெயிலில் காய்ந்த செம்மண்ணில் தொடங்கினால் குட்டிக்கும் வெறுக்கும், உங்களுக்கும் வெறுக்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வர வேணும். சோளகம் வீசுற காலமெண்டால் வடகிழக்குப் பக்கமாக நடக்கலாம். எதிர்க்காற்றில் நடந்தால் ஈரல் மணம் தூரத்தில் இருந்தே வந்துவிடும். குட்டி தலையைத் தூக்கிக்கொண்டு நேரே ஓடிப்போய்த் தின்னும், நிலத்தை மணக்காது.

குட்டியை ஒருவர் பிடித்திருக்க, தொடங்கும் இடத்தில் காலால் நல்லா உழக்குங்கள். பிறகு நேர்கோட்டில் 15, 20 அடி வைத்து நடவுங்கள். ஒவ்வொரு அடித்தடத்திலும் ஒரு துண்டு. முடியும் இடத்தில் ஒரு பிடி, அதோடு உங்கட பழைய சொக்ஸ் ஒன்று. சுற்றி வேற பக்கத்தால் திரும்பி வாருங்கள், போன தடத்தாலேயே வரக்கூடாது. கயிறு கழுத்தில் வேண்டாம், நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பட்டியில் கட்டுங்கள். குனிந்து மணக்கிற நாயின் கழுத்தை இழுத்தால், மணப்பது பிழை என்று அது படிக்கும். பிறகு தடத்தின் தொடக்கத்தைக் கையால் காட்டிவிட்டுப் பேசாமல் பின்னால் போங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடம் காணும். மணப்பது ஓடுவதைவிடக் களைப்பான வேலை.

ஒன்றிரண்டு கிழமையில் துண்டுகளைக் குறையுங்கள். இரண்டு அடிக்கு ஒன்று, ஐந்து அடிக்கு ஒன்று. தடத்தைப் போட்டுவிட்டுப் பத்து நிமிசம், பிறகு அரை மணித்தியாலம் கழித்து விடுங்கள். அதுக்குப் பிறகுதான் திருப்பம். ஒரே நேரத்தில் தூரம், நேரம், திருப்பம் மூன்றையும் கூட்டக் கூடாது.

நான் மண் கவ்வினது திருப்பத்தில்தான். சிநேகிதன் ஒருத்தன் தடம் போட்டான். பூவரச மரத்தடியில் இடப்பக்கம் திரும்பச் சொல்லியிருந்தேன். ஜிம்மி மரத்தடிக்குப் போய், கொஞ்சம் தாண்டி, சுற்றி வந்து வலப்பக்கம் இழுத்தது. நான் விடேல்லை. "இஞ்சால, இஞ்சால" எண்டு இடப்பக்கம் இழுத்தேன். மூன்று தரம் அது வலத்துக்குப் போனது, மூன்று தரமும் இழுத்தேன். நாலாவது தரம் அது நிலத்தில் இருந்து தலையைத் தூக்கி என்ர முகத்தைப் பார்த்தது. பிறகு நான் காட்டின பக்கம் வாலை மடக்கிக்கொண்டு வந்தது. சிநேகிதன் ஓடி வந்து சொன்னான்: "மச்சான், இடப்பக்கம் முள்ளுக் கம்பி கிடந்தது. நான் வலத்தால போனனான்."

அந்த ஒரு காலமையால் எனக்கு இரண்டு கிழமை போனது. தடத்தில் விட்டால் ஜிம்மி நிலத்தைப் பார்க்காது, என்ர முகத்தைத்தான் பார்த்தது. திரும்ப 15 அடி நேர்கோட்டில் இருந்து தொடங்கினேன். அதுக்குப் பிறகு தடம் போடுகிற ஆள் திருப்பத்தில் கட்டாயம் ஒரு குச்சி நட வேணும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். குச்சி எனக்குத்தான். நாய் சரியாகப் போகுது என்று நான் நம்புவதற்கு.

எங்கட வீடுகளில் நாயாக இருந்தால் என்ன, பிள்ளையாக இருந்தால் என்ன, முகத்தைப் பார்த்து நடக்கிறதைத்தான் கெட்டித்தனம் என்பார்கள். "சொல்வழி கேக்கும்" என்பது எங்கட பெரிய பாராட்டு. மோப்பத்தில் இது தலைகீழ். தடம் எங்கே என்று நாய்க்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அது தெரிந்த பிறகும் கயிற்றை இழுக்கிறோம் என்றால், பழக்கம் இல்லாதது நாய்க்கு இல்லை. சின்னக் குட்டியோடு தொடங்கச் சொல்வதும் இதுக்காகத்தான். அது இன்னும் எங்கட முகத்தைப் பார்க்கப் பழகியிருக்காது.

பெரியப்பா கேட்டார், "சனத்துக்கே வழியில்லை, நாய்க்குப் பள்ளிக்கூடமோ?" நியாயமான கேள்விதான். ஆனால் செலவு என்று பார்த்தால் கொஞ்ச ஈரல், பத்து மீற்றர் கயிறு, காலமையில் கால் மணித்தியாலம். பகல் முழுக்கச் சங்கிலியில் நின்று விசர் பிடித்துப் போகிற வருகிறவரைக் கடிக்கப் பார்த்த நாய், காலமை மூக்குக்கு வேலை கிடைத்த நாளில் பேசாமல் படுத்துக் கிடக்குது. இதைப் பெரியப்பாவே கண்டார், வாயால் ஒத்துக்கொள்ளவில்லை.

சில விசயம் கவனம். பற்றைக்குள் விடுமுன் தடியால் தட்டிப் பாருங்கள், விரியன் கிடக்கும். வந்த பிறகு காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். வன்னியில், முகமாலைப் பக்கத்தில் இருப்பவர்கள் மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்துக்குக் கிட்டவும் போக வேண்டாம். போருக்குப் பிறகு வடக்கில் கண்ணிவெடி தேட நாய்களையும் பயன்படுத்தினார்கள்தான். அது அதுக்கென்றே பழக்கின நாய்களும் ஆட்களும் செய்கிற வேலை, எங்கட விளையாட்டு இல்லை.

இண்டைக்கு ஜிம்மிக்கு ஒரு வயசு. ஒரு மணித்தியாலம் பழைய தடத்தை, இரண்டு திருப்பத்தோடு, இருநூறு அடிவரை பிடிக்கும். ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிற நாய் என்று சொல்ல மாட்டேன், அதுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு. படலைக்குப் பூட்டுப் போட்டாச்சு, கிணத்துக்கு வலை போடச் சொல்லித் தோட்டக்காரரோடும் கதைச்சாச்சு. நாயை நம்பி அதுகளை விடுகிற எண்ணம் இல்லை. ஆனால் இப்ப கிழமைக்கு ஒருநாள் தடம் போடுறது அம்மம்மா. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வேலியோரம் நடக்க விடுவோம், கதிரையில் இருத்துவோம், பிறகு ஜிம்மியை அவிழ்ப்போம். அது மூக்கை நிலத்தில் வைத்துக்கொண்டு வந்து அவவின்ர மடியில் தலையை வைக்கும். "ஆற்ற நாய் இது?" எண்டு ஒவ்வொரு முறையும் கேட்பா. உங்கடதுதான் அம்மம்மா எண்டு சொல்லுவன்.

உங்கட வளவிலும் ஒன்று சங்கிலியில் நிற்கும். நாளைக்குக் காலமை பதினைந்து அடி நடந்து பாருங்கள்.